ஏஆர்எம் லினக்ஸ் கையடக்கக் கருவிகளில் ஃப்ரீ பாஸ்கல்

ஃப்ரீ பாஸ்கல் என்பது பாஸ்கல் நிரலாக்க மொழிக்கான கட்டற்ற, திறமூலத் தொகுப்பி ஆகும். 2005 மே மாதம் வெளியான இதன் 2.0 பதிப்பிலிருந்து ஏஆர்எம் வகை நுண்செயலிகளுக்கும் நிரல்களைத் தொகுக்க இயலும். லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கையடக்கக் கணினிகள், இணைய வரைபட்டிகைகள், கைபேசிகள் ஆகியவற்றில் இத்தொகுப்பியைப் பயன்படுத்தும்போது தோன்றும் வழுக்களையும், அவற்றின் காரணத்தைக் கண்டறியும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

மேசைக் கணினியில் பிழையின்றி இயங்கிய நிரலொன்று கையடக்கக் கருவியில் இயங்க மறுக்கும்போது குறை நிரலிலேயே இருப்பது அரிது. நிரல், கருனி, நிரலகங்கள், நுண்செயலி ஆகிய நான்கும் ஒரே இரும இடைமுக உடன்பாட்டைப் பின்பற்றாமையே பெரும்பாலான வழுக்களுக்குக் காரணமாகும். வழுச் செய்திகள் இதனை நேரடியாகக் கூறுவதில்லை. சில வேளைகளில் செய்தி எதுவுமே வராமல் விடை மட்டும் தவறாகின்றது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கு ஒலிப்பு வடிவில் தரப்பட்டுள்ளன. கருவியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

பின்னணி

பாஸ்கல் மொழி நிரலாக்கத்தைக் கற்பிக்கும் நோக்குடன் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் விர்த் என்பவரால் 1970 இல் வெளியிடப்பட்டது. 1983 இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல் இதனைத் தனிமேசைக் கணினிகளில் பரவச் செய்தது. ஆனால் டர்போ பாஸ்கல் பெரும்பாலும் இன்டெல் வகை நுண்செயலிகளிலேயே பயன்பட்டது. ஃப்ளோரியன் கிளெம்ப்ஃபல் 1993 இல் தொடங்கிய ஃப்ரீ பாஸ்கல் திட்டம் அம்மொழியைப் பல நுண்செயலிகளுக்கும் இயங்குதளங்களுக்கும் கொண்டு சென்றது. தமிழ்வழியில் பயில்வோருக்கும் இம்மொழி அயலானது அன்று. இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்துக்கான தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்களின் நிரலாக்கப் பகுதி பாஸ்கலைக் கொண்டே அமைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் உருவான ஏஆர்எம் லினக்ஸ் கையடக்கக் கருவிகளுள் முன்னோடி சிம்ப்யூட்டர் ஆகும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து 1999 இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். விலை குறைந்த, திறன் அட்டை செருகக்கூடிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கையாளும் பொதுமக்கள் கணினி ஒன்றை உருவாக்குவது இவர்களது நோக்கம். 2004 இல் விற்பனைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டரில் 206 மெகாஹெர்ட்ஸ் வேக இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் நுண்செயலி இருந்தது. 2002 இல் வெளிவந்த ஷார்ப் சாரஸ் எஸ்எல்-5500 கருவியின் நுண்செயலியும் இதுவே. ஆகவே சாரசுக்கெனத் தொகுக்கும்போது கவனிக்க வேண்டிய கீழ்க்காணும் வரம்புகள் சிம்ப்யூட்டருக்கும் பொருந்தும். எதிர்பார்த்த அளவுக்கு விற்பனையாகாமையால் சிம்ப்யூட்டர் நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் பழைய ஏஆர்எம் லினக்ஸ் கருவிகளின் வரம்புகளை அறிய அது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்ட்ராங்ஆர்ம் நுண்செயலியில் பின்னக் கணக்கீட்டுக்கான மிதவைப் புள்ளி வன்பொருள் இல்லை. நோக்கியா 770 (2005) இல் இருந்த ஏஆர்எம்9 வகை நுண்செயலியிலும் இல்லை. நோக்கியா என்800 (2007) இல் இருந்த ஏஆர்எம்11 வகையில் உண்டு. 2012 இல் வெளியான முதல் ராஸ்பெர்ரி பை கணினியும் ஏஆர்எம்11 வகையையே கொண்டது.

இரும இடைமுக உடன்பாடு

ஒரு துணைநிரலை அழைக்கும்போது மதிப்புகளை எந்தப் பதிவகங்களில் வைப்பது, கருனியிடம் பணியை எவ்வாறு கோருவது, பின்ன எண்களை நினைவகத்தில் எவ்வரிசையில் அடுக்குவது என்பனவற்றை வரையறுப்பது இரும இடைமுக உடன்பாடு ஆகும். இன்டெல் 32 பிட்டு லினக்ஸில் ஒரே உடன்பாடு நெடுங்காலம் நிலைத்திருந்ததால் மாணவர்கள் இதனைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே எழவில்லை. 32 பிட்டு ஏஆர்எம் லினக்ஸிலோ அடுத்தடுத்து மூன்று உடன்பாடுகள் வழக்கில் இருந்தன.

முதலாவது பழைய உடன்பாடு. இதில் முறைமை அழைப்பின் எண், குறுக்கீட்டுக் கட்டளையின் உள்ளேயே பொதிந்திருக்கும். பின்னக் கணக்கீடு எஃப்பிஏ எனும் பழைய கணக்கீட்டுத் துணைச்செயலிக்கான கட்டளைகளாக எழுதப்படும். பெரும்பாலான கருவிகளில் அத்துணைச்செயலி இல்லாமையால் ஒவ்வொரு கட்டளையும் கருனியில் சிக்கி, மென்பொருளால் போலச்செய்யப்படும். இதனால் வேகம் பெரிதும் குறையும். இரண்டாவது ஈஏபிஐ எனப்படும் உடன்பாடு. லினக்ஸ் கருனி 2.6.16 பதிப்பிலிருந்து (2006) இதற்கு ஆதரவு உண்டு. இதில் முறைமை அழைப்பின் எண் ஏழாம் எண் பதிவகத்தில் வைக்கப்படும். மூன்றாவது வன்மிதவை உடன்பாடு. இது ஈஏபிஐயின் வகையே. ஆனால் பின்ன மதிப்புகள் பொதுப் பதிவகங்களில் அல்லாமல் மிதவைப் புள்ளிப் பதிவகங்களில் அனுப்பப்படும்.

டெபியன் வழங்கலில் இம்மூன்றும் மூன்று தனித்தனிப் பெயர்களால் அறியப்பட்டன: பழையது ஆர்ம், இரண்டாவது ஆர்ம்எல், மூன்றாவது ஆர்ம்எச்எஃப். ஆர்ம்எல் 2009 இலும் ஆர்ம்எச்எஃப் 2013 இலும் டெபியனின் நிலையான வெளியீடுகளில் முதன்முதலாக இடம்பெற்றன. ஃப்ரீ பாஸ்கல் தொகுப்பி இவற்றுள் எதற்கெனக் கட்டப்பட்டதோ அதற்கான நிரலையே இயல்பாக உருவாக்கும். தொகுப்பியை மூலநிரலிலிருந்து கட்டுவோர் எஃப்பிசி_ஆர்ம்எல் அல்லது எஃப்பிசி_ஆர்ம்எச்எஃப் எனும் குறியீட்டை வரையறுத்துக் கட்டவேண்டும். தொகுப்பியை ஓர் உடன்பாட்டிலும் அதன் இயக்கநேர அலகுகளை மற்றோர் உடன்பாட்டிலும் கட்டிவிடுவது அடிக்கடி நேரும் தவறாகும்.

எனவே வழு எதுவாயினும் முதலில் செய்ய வேண்டியது கருவியை இனங்காணலே. யூநேம் கட்டளை நுண்செயலியின் தலைமுறையைக் கூறும். புரொக் அடைவிலுள்ள சிபியூஇன்ஃபோ கோப்பின் வசதிகள் வரியில் விஎஃப்பி என்ற சொல் இருந்தால் மிதவைப் புள்ளி வன்பொருள் உண்டு. லிப் அடைவில் இயங்குநிலை ஏற்றியின் பெயரைப் பார்த்தால் உடன்பாடு தெரிந்துவிடும். அப்பெயர் எஸ்ஓ.2 என முடிந்தால் பழையது, எஸ்ஓ.3 என முடிந்தால் ஈஏபிஐ, எஸ்ஓ.3 க்கு முன் ஆர்ம்எச்எஃப் எனவும் இருந்தால் வன்மிதவை. பின்னர் ரீட்எல்ஃப் கருவியால் தொகுக்கப்பட்ட நிரலின் தலைப்பகுதியைப் படித்து ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும் இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மூலநிரலை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருப்பது வீண்.

நிரல் இயங்க மறுத்தல்

ஃப்ரீ பாஸ்கலுக்கு லினக்ஸில் ஒரு தனித்தன்மை உண்டு. அதன் இயக்கநேர அலகுகள் சி நிரலகத்தைச் சாராமல் கருனியை நேரடியாக அழைப்பவை. ஆதலால் ஒரு வரியை மட்டும் அச்சிடும் எளிய பாஸ்கல் நிரல் எந்நிரலகத்தையும் தேடாது. இயங்குநிலை ஏற்றியும் அதற்குத் தேவையில்லை. இதனை ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தலாம். எளிய நிரல் இயங்கி, சிதிரெட்ஸ் அல்லது சிடபிள்யூஸ்ட்ரிங் அலகைச் சேர்த்தவுடன் இயங்காமற் போனால், குறை தொகுப்பியில் இல்லை, கருவியின் சி நிரலகத்தைச் சார்ந்த ஏற்பாட்டில் உள்ளது. எளிய நிரலே இயங்காவிடில் குறை கருனி அல்லது நுண்செயலி மட்டத்தில் உள்ளது.

கண்முன்னே இருக்கும் கோப்பை இயக்கும்போது "அப்படியொரு கோப்பு இல்லை" என்ற பொருளில் வரும் செய்தி, வழுச் செய்திகளுள் மிகவும் வழிதவறச் செய்வதாகும். இங்கு இல்லாதது நிரற்கோப்பு அன்று. நிரல் தன்னை ஏற்றுமாறு கோரும் இயங்குநிலை ஏற்றியே. பழைய உடன்பாட்டில் தொகுத்த நிரலை ஈஏபிஐ கருவியில் இட்டால், அல்லது ஆர்ம்எச்எஃப் நிரலை ஆர்ம்எல் கருவியில் இட்டால் இச்செய்தி தோன்றும். வேறு பெயரில் குறுக்கிணைப்பு உருவாக்கி ஏற்றி இருப்பதுபோலக் காட்டும் குறுக்குவழி சில நேரம் நிரலைத் தொடங்கச் செய்யும். ஆயினும் அதன்பின் பின்ன எண்கள் தவறான பதிவகங்களிலிருந்து படிக்கப்படும் என்பதால் அதனைக் கைக்கொள்ளலாகாது.

"செல்லாத கட்டளை" எனும் செய்திக்குக் காரணங்கள் பல. ஏஆர்எம்வி7 தலைமுறைக்கெனத் தொகுத்த நிரல் ஏஆர்எம்வி6 நுண்செயலியில் இயங்கினால் இது வரும். டெபியனின் ஆர்ம்எச்எஃப் பொதிகள் ஏஆர்எம்வி7 ஐ அடிப்படையாகக் கொண்டவை. முதல் ராஸ்பெர்ரி பை ஏஆர்எம்வி6 ஆனதால் அப்பொதியிலுள்ள தொகுப்பியே அதில் இயங்காது. இக்காரணத்தாலேயே ராஸ்பியன் எனும் தனி வழங்கல் முழுவதும் மறுபடி தொகுக்கப்பட்டது. மிதவைப் புள்ளி வன்பொருளற்ற நுண்செயலியில் விஎஃப்பி கட்டளை இடம்பெறினும் இதே செய்தி வரும். அப்போது தொகுப்பிக்கு மென்மிதவை விருப்பத்தைத் தரவேண்டும். இறுதியாக, ஈஏபிஐ நிரலைப் பழைய கருனியில் இயக்கினால் முறைமை அழைப்பின் எண்ணைக் கருனி அறியமாட்டாமல் நிரலை நிறுத்திவிடும்.

சிம்ப்யூட்டர், சாரஸ் ஆகியவற்றின் ஸ்ட்ராங்ஆர்ம் ஏஆர்எம்வி4 தலைமுறையைச் சேர்ந்தது. ஈஏபிஐ நிரல்கள் இயல்பாக எதிர்பார்க்கும் பிஎக்ஸ் எனும் தாவல் கட்டளை அதில் இல்லை. எனவே கருனியைப் புதுப்பித்தாலும் பொதுவான ஆர்ம்எல் பொதிகள் அதில் இயங்கா.

இதற்கு நேர்மாறாக, பழைய உடன்பாட்டு நிரலை ஈஏபிஐக்கு மட்டுமான கருனியில் இயக்கினால் நிகழ்வதை முன்கூறல் இயலாது. கட்டளையில் பொதிந்த எண்ணைக் கருனி பாராது. ஏழாம் பதிவகத்தில் அத்தறுவாயில் எது இருக்கின்றதோ அதனை அழைப்பு எண்ணாகக் கொள்ளும். பழைய உடன்பாட்டுக்கான இணக்க வசதியுடன் கருனியைக் கட்டினால் இச்சிக்கல் தீரும்.

தொகுக்கும்போதும் இணைக்கும்போதும்

சிஸ்டம் அலகைக் காணவில்லை என்று தொகுப்பி கூறினால், எஃப்பிசி.சிஎஃப்ஜி எனும் அமைவுக் கோப்பில் அலகுகளின் பாதை தவறாக இருக்கும். எஃப்பிசிஎம்கேசிஎஃப்ஜி கட்டளையால் அக்கோப்பைப் புதிதாக உருவாக்கலாம். அலகு வேறு நுண்செயலிக்கெனத் தொகுக்கப்பட்டது என்ற செய்தி வந்தால், மேசைக் கணினியின் பிபியூ கோப்புகள் கருவியின் பாதையில் கலந்துவிட்டன என்பது பொருள்.

கையடக்கக் கருவிகளின் நினைவகம் சிறிது என்பதால் நிரலை மேசைக் கணினியில் தொகுத்துக் கருவிக்கு மாற்றும் குறுக்குத் தொகுப்பே பெரும்பாலும் கைக்கொள்ளப்பட்டது. பிபிகிராஸ்ஆர்ம் எனும் தொகுப்பி மட்டும் இதற்குப் போதாது. ஏஆர்எம்முக்கான ஒருங்குசேர்ப்பி, இணைப்பி ஆகியவையும், கருவியிலுள்ள சி நிரலகத்தின் படியும் தேவை. சிஆர்டிஐ.ஓ கோப்பைக் காணவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், கருவியின் லிப் அடைவுகளைக் கணினிக்குப் படியெடுத்து, நிரலகப் பாதை விருப்பத்தால் தொகுப்பிக்குச் சுட்டவேண்டும். இங்கு ஒரு பொறி உள்ளது. லிப்சி.எஸ்ஓ எனும் கோப்பு பெரும்பாலான வழங்கல்களில் உண்மையான நிரலகம் அன்று. நிரலகம் இருக்குமிடத்தின் முழுப் பாதையைக் கூறும் சிறு உரைக்கோப்பு. அதனை அப்படியே படியெடுத்தால் அதிலுள்ள பாதை மேசைக் கணினியின் இன்டெல் நிரலகத்தைச் சுட்டும். இணைப்பியும் பொருந்தாத கோப்பெனத் தள்ளும். உரைக்கோப்பைத் திறந்து பாதைகளை நீக்கிப் பெயரை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

செய்தி தராத வழுக்கள்

நிரல் நின்றுபோனால் பயனருக்குத் தெரியும். நிற்காமல் தவறான விடையைத் தருவதே இடர் மிக்கது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலில் பதனிட்ட தோல் சதுர அடியில் அளந்து விற்கப்படுகின்றது. ஒரு தோலின் பரப்பு 17.25 சதுர அடி எனக் கொள்வோம். மேசைக் கணினியில் டபிள் வகை மாறியாக இதனைக் கோப்பில் எழுதினால் எட்டு பைட்டுகள் பதினறும எண்முறையில் 00 00 00 00 00 40 31 40 என அமையும். பழைய உடன்பாட்டைப் பின்பற்றும் ஏஆர்எம் கருவியிலோ எட்டு பைட்டுகளின் இரு பாதிகளும் இடம் மாறியிருக்கும்; உயர்மதிப்புப் பாதியே முதலில் வரும். மேசைக் கணினியின் கோப்பை அங்கு அப்படியே படித்தால் கிடைப்பது 17.25 அன்று, ஏறத்தாழ 5.3 ஐ 10 இன் 315 ஆம் அடுக்கால் வகுத்த எண். இரண்டு பதின்ம இடங்களுக்கு அச்சிட்டால் 0.00 எனத் தோன்றும். ஆயிரம் தோல்களின் பரப்பைக் கூட்டினாலும் அதே 0.00 தான். சுழியம் என்பதால் இதையாவது கண்டுபிடித்துவிடலாம். வேறு எண்களில் பொருளற்ற ஆனால் நம்பத்தக்க தோற்றமுடைய மதிப்பும் வரக்கூடும்.

நான்கு பைட்டு சிங்கிள் வகைக்கு இச்சிக்கல் இல்லை. ஆகவே ஒரே பதிவில் சிங்கிள் புலங்கள் சரியாகவும் டபிள் புலங்கள் தவறாகவும் இருப்பது இவ்வழுவின் அடையாளமாகும். படிக்கும்போது இரு பாதிகளையும் இடம் மாற்றுவது ஒரு தீர்வு. பரப்பை நூறால் பெருக்கி முழு எண்ணாகச் சேமிப்பதோ, முழு எண்ணாகவே சேமிக்கப்படும் கரன்சி வகையைப் பயன்படுத்துவதோ, உரையாக எழுதுவதோ அதனினும் பாதுகாப்பானது. எக்ஸ்டெண்டட் வகையைக் கோப்புகளில் தவிர்க்க வேண்டும். 32 பிட்டு இன்டெல் கணினியில் அது 10 பைட்டு, ஏஆர்எம்மில் 8 பைட்டு. டர்போ பாஸ்கலின் ரியல் வகை 6 பைட்டு என்பதால் பழைய கல்லூரிப் பயிற்சிக் கோப்புகளும் நேராகப் பொருந்தா.

அடுத்தது நினைவக ஒழுங்கு. பழைய ஏஆர்எம் நுண்செயலிகள் நான்கு பைட்டு எண்ணை நான்கால் வகுபடும் முகவரியிலிருந்தே ஒழுங்காகப் படிக்கும். நினைவகத்தில் 01 02 03 04 05 என ஐந்து பைட்டுகள் அடுத்தடுத்து உள்ளன எனவும், முதற்பைட்டின் முகவரி நான்கால் வகுபடுவது எனவும் கொள்வோம். இரண்டாம் பைட்டிலிருந்து ஒரு முழு எண்ணைப் படித்தால் இன்டெல் கணினி 05040302 எனத் தரும். ஸ்ட்ராங்ஆர்ம் முதல் நான்கு பைட்டுகளையே எடுத்துச் சுழற்றி 01040302 எனத் தரும். எச்சரிக்கை இல்லை. நெருக்கப்பட்ட பதிவின் புலங்களை ஃப்ரீ பாஸ்கல் பைட்டு பைட்டாகப் படிக்கும் என்பதால் அங்கு தவறு நேராது. இடையகத்தின் நடுவில் உள்ள முகவரியைச் சுட்டியாக மாற்றி நேரடியாகப் படிக்கும் நிரல்களிலேயே நேரும். அவ்விடங்களில் அன்அலைண்ட் எனும் உள்ளமைந்த செயற்கூறைப் பயன்படுத்த வேண்டும். புரொக் அடைவின் சிபியூ உட்பிரிவிலுள்ள அலைன்மெண்ட் கோப்பில் 3 என எழுதினால், கருனி இத்தகைய படிப்புகளைத் திருத்துவதுடன் பதிவேட்டிலும் குறிப்பெழுதும். வழு எந்த நிரலில் உள்ளது என்பதை அறிய இது போதும்.

தமிழ் உரை

யூடிஎஃப்-8 குறிமுறையில் "தமிழ்" எனும் சொல் 15 பைட்டு நீளமுடையது. ஒருங்குறிப் புள்ளிகள் 5, எழுத்துகளோ 3. லெங்த் செயற்கூறு சாதாரணச் சரத்துக்கு 15 என்றே விடையளிக்கும். இது வழு அன்று. ஆனால் அகலச் சரமாக மாற்றும்போது தமிழ் எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாக மாறுவது வழுவே. சிடபிள்யூஸ்ட்ரிங் அலகு சேர்க்கப்படாமை ஒரு காரணம். அலகைச் சேர்த்த பின்னும் கேள்விக்குறிகள் வந்தால் கருவியின் வட்டார அமைவைப் பார்க்க வேண்டும். இடத்தைச் சேமிக்கும் பொருட்டு, சிறு கருவிகளுக்கான வழங்கல்கள் வட்டாரத் தரவுகளையும் குறிமுறை மாற்றிகளையும் அகற்றிவிடுவதுண்டு. மூலநிரலின் தலையில் குறிமுறையை யூடிஎஃப்-8 என அறிவிக்கவும் வேண்டும். எழுத்துகள் சரியாக இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றினால் அது திரையின் எழுத்துரு ஆக்கத்தைச் சார்ந்தது; தொகுப்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏனைய சிக்கல்கள்

நினைவக அட்டையில் வைத்த நிரல் அனுமதி மறுக்கப்பட்டது எனக் கூறினால், ஃபேட் கோப்பு முறைமை கொண்ட அட்டை இயக்க அனுமதியின்றி ஏற்றப்பட்டிருக்கலாம்; நிரலைக் கருவியின் உள்நினைவகத்துக்கு மாற்றி இயக்க வேண்டும். 64 மெகாபைட்டு கருவியில் தொகுப்பி இயங்கினும் பெரிய நிரல்களை இணைக்கும்போது இணைப்பி நினைவகம் போதாமல் கருனியால் நிறுத்தப்படும். இழைகளைப் பயன்படுத்தும் நிரல்களில் சிதிரெட்ஸ் அலகு முதன்மை நிரலின் அலகுப் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். மின்கலம் தீர்ந்து கருவியின் கடிகாரம் பின்னோக்கிச் சென்றிருந்தால், மேக் கட்டளை எதனை மறுபடி தொகுப்பது என்று அறியாமல் குழம்பும்.

பிற்காலக் கருவிகள்

ஆண்ட்ராய்டு கைபேசிகளின் கருனி லினக்ஸே எனினும் அவற்றின் சி நிரலகம் பயோனிக் ஆகும், ஏற்றியும் வேறு. ஆதலால் லினக்ஸ் ஏஆர்எம் இலக்குக்கெனத் தொகுத்துச் சி நிரலகத்துடன் இணைத்த நிரல் அங்கு இயங்காது. ஆண்ட்ராய்டை இலக்காகக் கொண்டு தொகுக்க வேண்டும். 64 பிட்டு ஏஆர்எம் லினக்ஸுக்கான ஆதரவு 2020 இல் வெளியான 3.2.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 64 பிட்டில் மிதவைப் புள்ளி வன்பொருள் உடன்பாட்டின் பகுதியாகவே உள்ளதால் மென்மிதவை, வன்மிதவை என்ற பிரிவு அங்கு எழுவதில்லை. பைன்ஃபோன் போன்ற லினக்ஸ் கைபேசிகளில் மட்டும் பழைய சிக்கல் வேறு உருவில் உள்ளது: போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் வழங்கல் மசில் எனும் சி நிரலகத்தைப் பயன்படுத்துகின்றது. டெபியனில் தொகுத்த நிரலை அதில் இட்டால், கண்முன்னே இருக்கும் கோப்பு இல்லை என்ற அதே செய்தியே திரையில் தோன்றும்.